‘வயசானா அப்படித்தான்’ என்பது மருத்துவமல்ல

ஒரு மூதாட்டிக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, இருட்டில் எழுந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறார். கோயிலுக்குப் போவதை நிறுத்தியாயிற்று. பேரன் கையைப் பிடித்து அழைத்துவந்து ஓ.பி. வரிசையில் நிறுத்துகிறான். பிரஷர் பார்க்கிறார்கள், சுகர் பார்க்கிறார்கள். சீட்டில் தூக்கத்துக்கென்று ஒரு மாத்திரை கூடுகிறது. “என்ன பண்றதும்மா, வயசானா அப்படித்தான்” என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

தெற்கு அந்தமானின் பத்துபஸ்தியில் இந்தச் சொல் நுழையாத வீடு அபூர்வம். மருத்துவர் சொல்கிறார், மகன் சொல்கிறான், மருமகள் சொல்கிறாள், அடுத்த வீட்டார் சொல்கிறார்கள். கடைசியில் அந்த மூதாட்டியே அதைத் தன் வாயால் சொல்லத் தொடங்கிவிடுகிறார். நோய் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வைத்தியம் உண்டு என்ற எண்ணமே அத்தோடு அடைபட்டுப் போகிறது. இந்த இரண்டு சொற்களை நாம் கண்டிக்கிறோம். அவற்றைச் சொல்லும் பாமரரை மட்டும் கண்டித்துப் பயனில்லை. அதையே ஒரு நிர்வாக முறையாக நடத்திவருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

2017-18இல் நாடு முழுவதும் முதியோரிடையே ‘லாசி’ என்ற பெரிய ஆய்வு நடந்தது. அந்தமானும் அதில் அடக்கம். அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல், சரியாகச் சொன்னால் 8.3 சதவீதம் பேர், மனச்சோர்வு நோய்க்குரிய அறிகுறிகளோடு இருப்பது அதில் தெரிந்தது. ‘உங்களுக்கு மனச்சோர்வு என்று எந்த மருத்துவராவது சொல்லியிருக்கிறாரா’ என்ற கேள்விக்கு ஆம் என்றவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. பத்தில் ஒருவருக்குத்தான் நோயின் பெயராவது தெரிந்திருக்கிறது. மற்ற ஒன்பது பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அதே ஓ.பி. வரிசையில் நின்றார்கள், பிரஷர் மாத்திரை வாங்கினார்கள், ‘வயசானா அப்படித்தான்’ என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

இந்தத் தீவுகளுக்கு அந்தக் கணக்கு இன்னும் கனமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், தற்கொலையால் இறந்தவர்களின் விகிதம் நாட்டின் சராசரியாக லட்சத்துக்கு 12.4. அந்தமான் நிக்கோபாரில் லட்சத்துக்கு 42.8. சிக்கிமுக்கு அடுத்து அந்த ஆண்டு நாட்டிலேயே இதுதான் அதிகம். ஏறக்குறைய மூன்றரை மடங்கு! எல்லா வயதினரும் சேர்ந்த கணக்கு இது. தனிமையும் நோயும் பாரமென்ற எண்ணமும் ஒன்றுசேரும் வயதில் அந்த அபாயம் கூடும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் அறிந்தது. உடல்நலத்தில் இப்படியொரு எண் வந்திருந்தால், மலேரியாவோ டெங்குவோ மூன்றரை மடங்கு ஏறியிருந்தால், வீடுவீடாக ஆள் வந்திருப்பார்கள், சுவரெல்லாம் எழுதியிருப்பார்கள், ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போயிருக்கும். மனம் என்றதும் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடுகிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. அந்தச் சேவையில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலில், முதியோருக்கான மனநலச் சேவையைத் தனியாகக் குறிப்பிடுகிறது. மனநோய் உள்ள யாரும், குழந்தைகளும் முதியோரும் உட்பட, சிகிச்சைக்காக நெடுந்தூரம் பயணப்படும்படி விடக் கூடாது, அவர்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. முதியோர் என்ற சொல்லைச் சட்டம் எழுதியவர்கள் போகிற போக்கில் போடவில்லை. எழுபது வயதில் ஒருவர் எவ்வளவு தூரம் அலைய முடியும் என்று யோசித்துத்தான் போட்டார்கள். மாவட்டத்தில் அந்தக் குறைந்தபட்சச் சேவை இல்லாவிட்டால், அதே மாவட்டத்தில் வேறெங்கு சிகிச்சை பெற்றாலும் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பத்துபஸ்தியில் எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? சொல்லவேண்டிய கடமை யாருடையது?

நெடுந்தூரம் என்ற சொல்லுக்குத் தீவில் வாழ்கிறவர்களிடம் விளக்கம் கேளுங்கள். சென்னைக்குக் கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். கடல் சீற்றமாக இருந்தால் இன்னும் கூடும். விமானம் என்றால் இரண்டு மணி நேரம், ஆனால் டிக்கெட் விலை பென்ஷன்காரருக்கு எட்டாது. கூடவே ஒரு துணை, தங்க இடம், மெயின்லேண்டில் வழி தெரியாத தவிப்பு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கடன்பட்டாவது அழைத்துப் போகிறார்கள். ‘பாட்டி யாரோடும் பேச மாட்டேன்கிறாள்’ என்பதற்காக எந்தக் குடும்பமும் கப்பல் ஏறியதில்லை, ஏறப்போவதும் இல்லை. ஆகவே முதியோர் மனநலம் என்பது இந்தத் தீவில் உள்ளூரில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நடுவில் வேறு வழி கிடையாது.

பொறுப்பு யாருடையது என்பதிலும் குழப்பம் வேண்டாம். அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் இல்லை. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பிரதேசத்தின் நிர்வாகம் நடத்தும் மனநல நிலையங்களுக்கு, மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மத்திய அரசே உரிய அரசு. மாநிலம் செய்யவில்லை என்று டெல்லி கைகாட்ட இங்கே மாநிலம் கிடையாது. துணைநிலை ஆளுநரின் நிர்வாகமும் மத்திய சுகாதார அமைச்சகமும் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். 31ஆவது பிரிவு ஒரு கெடுவும் வைத்திருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப மனநலப் பணியாளர்கள் எத்தனை பேர் வேண்டும் என்று உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு இருக்கிறதல்லவா, அதை இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பத்தாண்டுக்குள் எட்ட அரசு முயன்றாக வேண்டும். அந்தப் பத்தாண்டு 2028 மே மாதத்தோடு முடிகிறது.

இதற்கும் முந்தியது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007. பிள்ளைகள் மீது வழக்குப் போடுவதற்கான சட்டம் என்ற அளவில்தான் அது பேசப்படுகிறது. அதன் 20ஆவது பிரிவு அரசைப் பற்றியது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோருக்கென்று தனி வசதி, முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவர் தலைமையில் இருக்க வேண்டும், முதியோருக்குத் தனி வரிசை இருக்க வேண்டும் என்கிறது. பெற்றோரைக் கைவிட்ட மகனுக்கு மூன்று மாதம் வரை சிறை என்று அச்சட்டத்தில் எழுதியிருக்கிறது. தன் பங்கைச் செய்யாத அரசுக்கு என்ன என்று எழுதவில்லை. அதனால்தான் தலையங்கம் எழுத வேண்டியிருக்கிறது.

புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் நமக்குப் பொறுக்க முடியாதது. ஆஷா பணியாளர்கள் முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். புகையிலை போடுவீர்களா, இடுப்புச் சுற்றளவு என்ன, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்கும் அதே படிவம்தான். அதன் கடைசிப் பகுதியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரத்தில் எதையும் செய்வதில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கை அற்று இருந்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டினால் மூன்றுக்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அறுபதைக் கடந்தவர்களுக்கென்று தனிக் கேள்விகளும் உண்டு. நடக்கும்போது தடுமாறுகிறதா, அன்றாட வேலைக்கு இன்னொருவர் துணை வேண்டியிருக்கிறதா, நெருங்கியவர்களின் பெயரோ சொந்த வீட்டு முகவரியோ மறந்துபோகிறதா. மனச்சோர்வையும் மறதி நோயையும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடுவதற்கான கேள்விகள், அரசே அச்சடித்த தாளில், அரசே நியமித்த பெண்ணின் பையில் இருக்கின்றன.

அவற்றைக் கேட்கிறார்களா? எப்படிக் கேட்கிறார்கள்? மகனும் மருமகளும் நின்றுகொண்டிருக்கும் கூடத்தில், வாசலில் இருந்தபடி, ‘பாட்டி, மனசு நல்லாத்தானே இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேம்மா’ என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்விக்குத் தனியாக ஐந்து நிமிடம் வேண்டும். உட்கார வேண்டும். ஆஷாவின் தலையில் இருக்கும் வேலைப் பளுவை நாம் அறிவோம், அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு வெயிலில் நடக்கிறவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, பயிற்சியும் நேரமும் கொடுக்காத மேலிடத்தைத்தான் கேட்கிறோம். மூன்றுக்கு மேல் மதிப்பெண் வந்தவர்களை அனுப்ப அடுத்த படியில் யார் காத்திருக்கிறார் என்றும் கேட்கிறோம்.

அடுத்து மொழி. இதை நிர்வாகம் ஒரு விஷயமாகவே எண்ணிப் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்கள் 3,80,581 பேர். அதில் வங்காளம் பேசுவோருக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்து, சுமார் 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தெலுங்கர்கள், மலையாளிகள், நிக்கோபாரிகள் எல்லோரும் சேர்ந்த ஊர் இது. கடைத்தெருவில் இந்தி போதும். பஸ்ஸில் இந்தி போதும். மனசு உடைந்து போனதைச் சொல்ல அது போதாது.

எங்கள் வீட்டு முதியவர்கள் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். ‘நெஞ்சுல என்னமோ அடைக்குது’ என்பார்கள். ‘உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுது’, ‘கைகால் ஓடல’, ‘ஒண்ணுலயும் பிடிப்பு இல்ல’, ‘மனசு விட்டுப்போச்சு’ என்பார்கள். இன்னும் ஆழத்துக்குப் போனவர்கள், ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுப்பா’ என்பார்கள், ‘என்னைக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேங்கறானே’ என்று மேலே பார்ப்பார்கள். இந்தக் கடைசி இரண்டும் வெறும் புலம்பல் என்று நாம் காதை மூடிக்கொள்கிறோம். அவை அவசரச் சொற்கள். அன்றே உட்கார்ந்து கேட்க வேண்டியவை. ஆனால் மருத்துவமனையில் நடப்பது என்ன? பேரன் இடையில் நின்று மொழிபெயர்க்கிறான். பாட்டி மூன்று நிமிடம் பேசியதை ‘தூக்கம் வரலையாம்’ என்று ஒரே வரியில் இந்தியில் சொல்கிறான். தன்னை வளர்த்தவள் சாக விரும்புகிறாள் என்பதை ஒரு பதினாறு வயதுப் பையன் அந்நியரிடம் எப்படி மொழிபெயர்ப்பான்? அந்தப் பாட்டிதான் பேரன் எதிரில் எப்படிச் சொல்வாள்? சொல்லப்படாததற்கு மருந்து எழுத முடியாது. ஆகவே தூக்க மாத்திரை எழுதுகிறார்கள். முதியவர்களுக்கு அவ்வகை மாத்திரைகள் பலவும் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கூட்டி, விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் கொண்டுபோய் விடும் என்பது மருத்துவக் கல்லூரிப் பாடம்தான்.

தமிழ் முதியோரின் மனத்தில் என்னென்ன கிடக்கிறது என்று கேட்ட ஆளில்லை. 1964இல் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர்களில் சில குடும்பங்களை ரப்பர் தோட்ட வேலைக்கென்று கச்சால் தீவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். பிறந்த ஊர் ஒன்று, குடியுரிமை ஒன்று, பிழைப்பு ஒன்று என்று வாழ்ந்தவர்கள். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது கச்சால் மிகக் கொடூரமாக அடிபட்ட தீவுகளில் ஒன்று. அடுத்த சில வாரங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் முகாம்களுக்கு வந்து மக்களோடு உட்கார்ந்தார்கள், உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அந்தக் கைகளுக்கு இன்றும் நன்றி. ஆனால் முகாம் கலைந்ததும் அந்த வேலையும் கலைந்துவிடுமா? பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவரின் துக்கத்துக்கு நிவாரண நிதியைப் போலக் கணக்கு முடித்து எழுத முடியாது. அன்று ஐம்பது வயதில் அந்த அலையைக் கண்டவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. மழை இரவில் இன்னும் கடலின் இரைச்சல் கேட்டு எழுந்து உட்காருகிறவர் உண்டு. அவரையும் ‘வயசானா அப்படித்தான்’ என்று கடந்து போகிறோம்.

மனச்சோர்வையும் மறதி நோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் இங்கே வழக்கம். பேச்சுக் குறைந்து, கேட்டதற்குப் பதில் வராமல், வைத்த பொருளை மறந்தால் ‘புத்தி மங்கிப்போச்சு’ என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை கொடுத்தால் சில மாதங்களில் ஆள் எழுந்துவிடுவார். தைராய்டு குறைவாக இருக்கலாம், பி-12 குறைவாக இருக்கலாம், இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். காது கேட்காததாக இருக்கலாம். நேற்றுவரை சரியாக இருந்தவர் இன்று திடீரென்று பிதற்றினால் அது சிறுநீர்த் தொற்றாகவோ உப்புச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது. உண்மையிலேயே மறதி நோயாக இருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. 2023இல் வெளிவந்த ஆய்வின்படி நாட்டில் அறுபது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், அந்நோயோடு வாழ்கிறார்கள். அதைக் குணமாக்க மருந்து இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லிக்கொடுக்கவும் தோள்கொடுக்கவும் வழி இருக்கிறது. 2024இல் லான்செட் ஆணையம், மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தம், மனச்சோர்வு, தனிமை மூன்றும் அதில் இருக்கின்றன. காதுக்கருவி ஒன்றை நேரத்தில் பொருத்துவதும், தினம் ஒருவர் வந்து பேசுவதும் அந்த வகையில் மருத்துவம்தான்.

‘மனநல மருத்துவர்கள் கிடைப்பதில்லை, என்ன செய்ய’ என்ற பதில் வரும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பதிலை நாம் ஏற்கவில்லை. கோவாவில் மருத்துவர் அமித் டயஸும் சக ஆய்வாளர்களும் செய்துகாட்டியதைப் பாருங்கள். அறுபது கடந்த, மனச்சோர்வின் விளிம்பில் நின்ற 181 பேரைத் தேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேரோடு, மருத்துவர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினார்கள். பிரச்சினையை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்க்கவும், தூக்கத்தைச் சீர்படுத்தவும், கிடைக்கவேண்டிய அரசு உதவிகளைப் பெறவும் துணைநின்றார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பில் விடப்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேர் முழு மனச்சோர்வுக்குள் விழுந்திருந்தார்கள். ஆலோசகர்கள் பேசிய பக்கம் 4.4 சதவீதம். 2019இல் இது வெளிவந்தது. அதுவும் கடலோர ஊர்தான், அதுவும் இந்தியாதான்.

ஜிம்பாப்வேயில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் பதினான்கு பாட்டிகளைக் கொண்டு இதே போன்ற முயற்சியைத் தொடங்கினார். சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சு, அதில் ஒரு பாட்டி. வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் ஊர்ப் பேச்சில் இருந்தே வந்தது. ‘ரொம்ப யோசிக்கிறது’ என்று பொருள்படும் அவர்கள் மொழிச் சொல் அது. ‘யோசனை ஜாஸ்தியாயிடுச்சு’ என்று எங்கள் பாட்டிமாரும் சொல்வதுண்டு. ஹராரேயின் ஏழைக் குடியிருப்பில் நடந்தது பத்துபஸ்தியில் நடக்காதா?

14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். முதியோருக்கான 14567 உதவி எண்ணும் இருக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வீட்டில் எழுந்தால் காத்திருக்காமல் அழையுங்கள். அந்த முதியவரைத் தனியே விடாதீர்கள். இந்த எண்கள் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் மருந்துக் கடையிலும் தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் போனில் அரைகுறையாகக் கேட்கும் காதுக்கும், பொத்தான் தெரியாத கண்ணுக்கும் தொலைபேசி எண்ணையே சிகிச்சை என்று காட்டி நிர்வாகம் ஒதுங்க முடியாது.

காப்பீட்டிலும் இதே ஓட்டை. 2024 அக்டோபரில் எழுபது வயதைக் கடந்த எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால் கிடைக்கும் பணம். மனச்சோர்வுக்கும் மறதி நோய்க்கும் பெரும்பாலும் படுக்கை தேவையில்லை. மாதம் ஒருமுறை வந்து பேசுவதும் தொடர்ந்து மருந்து எடுப்பதும்தான் தேவை. அந்தச் செலவுக்கு அதில் இடமில்லை.

இவ்வளவும் அரசுக்கு. நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு, அதைத் தவிர்த்தால் இந்தத் தலையங்கத்துக்கு நேர்மை இல்லை. இதை எழுதுகிறவரின் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். மனைவி போனபின் பேச்சைக் குறைத்தார், பிறகு வெளியே வருவதைக் குறைத்தார். பிள்ளைகள் சென்னையில், மாதாமாதம் பணம் அனுப்பினார்கள், பண்டிகைக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று போனில் சொன்னார்கள். தெருவில் இருந்த நாங்களும் ‘பாவம், தனியா இருக்கார்’ என்று பேசிக்கொண்டோம். ஒருவரும் உள்ளே போய் உட்காரவில்லை. சாப்பிட்டீரா என்று கேட்டோம், தூங்குகிறீரா என்று கேட்கவில்லை. அவர் போன பிறகுதான், அந்த வீட்டில் பல மாதமாகச் சமையலே நடக்கவில்லை என்பது தெரிந்தது. அந்தக் குற்றத்தில் எங்களுக்குப் பங்கு உண்டு.

அதனால் ஊர்ப் பெரியவர்களையும் நாம் கேட்கிறோம். தமிழர் சங்கம் இருக்கிறது, பொங்கல் விழா எடுக்கிறோம். பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலில் காவடியும் கூட்டமும் நிறைகின்றன. அந்தக் கூட்டத்தில் கடந்த ஆண்டு வந்து இந்த ஆண்டு வராத முதியவர் யார் என்று யாராவது கணக்கெடுத்தோமா? வராமல் போனவர்களின் வீட்டுக்கு இரண்டு பேர் போவதற்கு அரசாணை வேண்டியதில்லை. பேய் பிடித்தது, செய்வினை என்று சொல்லி மெயின்லேண்டுக்கு அழைத்துப்போய் எங்காவது தர்காவிலோ கோயிலிலோ விட்டுவரும் யோசனையை எவரேனும் சொன்னால், அவருக்கு ஏர்வாடியை நினைவூட்டுங்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியலில் அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அவர்களையும் யாரோ ஒருவர், நல்லதென்று எண்ணித்தான் கொண்டுபோய் விட்டிருந்தார்.

நாம் கோருவது இது. பத்துபஸ்தியிலும் அதைச் சுற்றியுள்ள டாலிகஞ்ச், கராச்சார்மா, புரோத்ராப்பூர் பகுதிகளிலும் அறுபதைக் கடந்த ஒவ்வொருவரிடமும், அவரவர் தாய்மொழியில், தனியாக உட்கார்ந்து அந்தப் படிவத்தின் கேள்விகள் கேட்கப்பட வேண்டும். தமிழ் தெரிந்த ஆலோசகர் வாரத்தில் குறித்த நாளில் உள்ளூர் சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். அவர் இல்லாத நாளில் பேரனை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். போர்ட் பிளேயர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனையின் மனநல மருத்துவர், நோயாளிகளை வரவழைப்பதோடு நில்லாமல், மாதம் ஒருமுறையாவது இந்தப் பகுதிக்கு வர வேண்டும். மனச்சோர்வு மருந்து எக்காரணம் கொண்டும் இடையில் நின்றுபோகக் கூடாது. நடக்க முடியாதவருக்கு அது வீட்டுக்கே வர வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கிராமம் கிராமமாக அது நடக்கிறபோது இந்தச் சிறிய தீவில் நடக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இதற்கெல்லாம் முதற்படியாக நிர்வாகம் ஒரு பதிலை வெளியிடட்டும். வரும் அக்டோபர் 1, உலக முதியோர் நாள். அன்று மேடை போட்டு முதியோருக்குச் சால்வை போர்த்தும் முன், தெற்கு அந்தமான் மாவட்டத்தில் அறுபது கடந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரிடம் அந்த இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன, எத்தனை பேர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்ற நான்கு எண்களைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் எழுதி, பத்துபஸ்தி பஸ் நிறுத்தத்தில் ஒட்டட்டும்.